சிவப்பு அட்டைக்குள் இருநூற்றுப் பதினான்கு கடிதங்கள்

இரும்பு அலமாரியைப் பூட்டிவிட்டு மூன்று எட்டு நடப்பார். நிற்பார். திரும்பி வந்து கைப்பிடியை ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பார். மறுபடி மூன்று எட்டு, மறுபடி ஒரு இழுப்பு. குடிநீர்த் துறையின் ஆவண அறைக் கண்காணிப்பாளருக்கு ஒவ்வொரு காலையும் இப்படித்தான் விடியும். அறையில் பதினோரு அலமாரிகள். பதினொன்றையும் இழுத்துப் பார்த்த பிறகுதான் நாற்காலியில் உட்காருவார். அலுவலகத்தில் அவருக்குப் 'பூட்டையா' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. ஆனாலும் அவர் காதுக்கு வந்திருந்தது. வந்தபோது கோபம் வரவில்லை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பெருமைப்படக் காரணம் உண்டு. அவருடைய அப்பாவும் இதே அறையில் இதே நாற்காலியில் இருந்தவர். தாத்தா அதற்கு முன்பே துறையின் தபால் பிரிவில் இருந்தார். மூன்று தலைமுறையாக அந்த வீட்டு ஆண்கள் வேலை முடிந்து வந்ததும் அலுவலகத்தைச் சட்டையோடு கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார்கள். சாப்பிடும்போதும் பேச மாட்டார்கள், காய்ச்சலில் பிதற்றும்போதும் பேச மாட்டார்கள். 'அந்த வீட்டு வாயிலிருந்து ஒரு சொல் வெளியே வராது' என்று ஊர் சொன்னது. நிலம், நகை என்று பெரிதாக ஒன்றுமில்லாத குடும்பத்துக்கு அந்தப் பேச்சுத்தான் சொத்து.

கண்காணிப்பாளர் அப்பாவையும் ஒரு படி மிஞ்சினார். தாம் பூட்டி வைப்பதை அவர் படிப்பதே இல்லை. எண்ணைப் பார்ப்பார், அட்டையின் நிறத்தைப் பார்ப்பார், உள்ளே வைப்பார். படிக்காதவனிடமிருந்து யார் எதைக் கறக்க முடியும்? இதுதான் நேர்மையின் உச்சம் என்பது அவர் எண்ணம். இருபத்தாறு வருடம் அந்த எண்ணத்துக்கு ஒரு கீறல்கூட விழவில்லை.

அன்று காலை எட்டாவது அலமாரியை இழுத்துக்கொண்டிருந்தபோது பதிவு எழுதும் அம்மாள் உள்ளே வந்தாள். கையில் ஒரு நீளமான உறை.

"சார், பார்லிமெண்ட்லேர்ந்து வந்திருக்கு. உங்களையும் வரச் சொல்லியிருக்காங்க."

"என்னையா? எப்போ?"

"நாளைக்குப் பதினோரு மணிக்கு."

"நாளைக்கா? இன்னிக்குத்தான் அனுப்பினாங்களாமா?"

"அனுப்பிப் பத்து நாள் ஆச்சு சார். செயலாளர் மேசையில ஒம்போது நாள் தூங்கிட்டு, பத்தாம் நாள் எந்திரிச்சு நடந்து வந்திருக்கு."

அரசுத் துறைகள் எவற்றையெல்லாம் ரகசியம் என்று பூட்டி வைத்திருக்கின்றன, ஏன் வைத்திருக்கின்றன என்று கேட்பதற்காகவே நாடாளுமன்றம் ஒரு குழுவை அமைத்திருந்தது. கடிதம் அங்கிருந்துதான். கிழக்கு நீரேற்று நிலையத்தைப் பற்றிய சிவப்பு அட்டைக் கோப்பில் என்னென்ன தாள்கள் உள்ளன என்று பட்டியல் வேண்டும். கோப்பையும் எடுத்துக்கொண்டு செயலாளரும் ஆவண அறைக் கண்காணிப்பாளரும் நேரில் வரவேண்டும்.

குழுவுக்குச் சந்தேகம் வந்த கதை அவருக்குத் தெரியும். போன கூட்டத்தொடரில் ஒரு உறுப்பினர், கிழக்கு நீரேற்று நிலையத்துத் தண்ணீரைப் பற்றிப் புகார்கள் வந்தனவா என்று கேட்டார். 'துறையின் புகார்ப் பதிவேட்டில் அத்தகைய புகார் எதுவும் பதிவாகவில்லை' என்று அமைச்சர் வாசித்தார். அந்த வாக்கியத்தை எழுதிக் கொடுத்தவர் நம் கண்காணிப்பாளர்தான். அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் கிடையாது. 'ஊசி நுழைய இடமில்லாத வாக்கியம்' என்று செயலாளர் பாராட்டியிருந்தார். ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பகுதி மக்கள் பதிவுத் தபால் ரசீதுகளைக் கையில் பிடித்துக்கொண்டு நாடாளுமன்ற வாசலில் வந்து நின்றார்கள். நாங்கள் எழுதிய கடிதங்கள் எங்கே போயின என்பது அவர்கள் கேள்வி.

செயலாளர் அவரைக் கூப்பிட்டனுப்பினார். வயதில் பன்னிரண்டு வருடம் இளையவர். பேச்சில் பஞ்சு வைத்த மாதிரி ஒரு மென்மை.

"பட்டியல நீட்டாதீங்க. 'சோதனை அறிக்கை ஒன்று, வரைபடம் நான்கு, இணைப்புகள் இவ்வளவு' அப்படின்னு மூணே வரி. மத்தது பாதுகாப்புக் காரணம்."

"ஒவ்வொரு தாளையும் தனித்தனியாக் கேட்டிருக்காங்களே சார்."

"கேப்பாங்க. கேக்கறது அவங்க வேலை. அங்க ஏதாவது கேட்டா என் முகத்தப் பாருங்க, நான் பேசிக்கிறேன். உங்க அப்பா காலத்துலேர்ந்து அந்த அறைக்குன்னு ஒரு மானம் இருக்கு. அதக் காப்பாத்திக் குடுங்க, போதும்."

மானம் என்ற சொல்லைக் கேட்டதும் கண்காணிப்பாளரின் முதுகு தானாக நிமிர்ந்தது. சரி என்று தலையாட்டிவிட்டு வந்தார்.

மக்கள் எழுதிய கடிதங்கள் சிவப்பு அட்டைக்குள் போனது எப்படி என்று வாசகர்கள் கேட்கலாம். சதி எதுவும் நடக்கவில்லை. ஒன்றரை வருடத்துக்கு முன்பு நிலையத்தின் தண்ணீரைச் சோதித்துப் பொறியாளர் ஒரு அறிக்கை அனுப்பினார். அதோடு நிலையத்தின் வரைபடங்களும் காவலர் நேரப் பட்டியலும் இருந்ததால் கோப்புக்குச் சிவப்பு அட்டை போட்டார்கள். அது நியாயம்தான். பிறகு முதல் புகார்க் கடிதம் வந்தது. ஒரே விஷயத்தைப் பற்றிய தாள்கள் ஒரே கோப்பில் சேரவேண்டும் என்பது ஒரு விதி. சிவப்பு அட்டைக் கோப்பில் சேரும் எந்தத் தாளும் அந்த நிமிடமே ரகசியமாகிவிடும் என்பது இன்னொரு விதி. இரண்டும் நல்ல விதிகள். இரண்டும் சேர்ந்ததில், தெருவில் போகிறவர் எழுதிப் போட்ட கடிதம் அவருக்கே ரகசியமாகிவிட்டது. பதிவு எழுதும் அம்மாள் எண் போட்டுக் கொண்டுவந்து வைப்பாள். கண்காணிப்பாளர் மூலையில் கோப்பு எண்ணைக் குறிப்பார். பஞ்சிங் மெஷினில் ஒரு அழுத்து, பச்சைக் கயிற்றில் ஒரு கோர்ப்பு. அவ்வளவுதான். ரகசியப் பதிவேட்டில் ஏறியதால் புகார்ப் பதிவேடு வெள்ளைத் தாளாகவே இருந்தது.

பட்டியலில் 'இணைப்புகள் இவ்வளவு' என்று எழுதவேண்டும் என்றால் எண்ணியாக வேண்டும். கண்காணிப்பாளர் கதவைச் சாத்திவிட்டுக் கோப்பைப் பிரித்தார். எழுத்தில் கண் படாமல் தாள்களின் ஓரத்தைப் பிடித்துப் புரட்டினார். ஐம்பது, அறுபது, எண்பது.

எண்பத்தேழாவது தாளில் விரல் நின்றது. தாளின் பின்பக்கம் அச்சிட்ட கட்டங்கள். தோள், மார்பு, இடுப்பு, கை நீளம். தையற்கடையில் அளவு குறிக்கும் நோட்டிலிருந்து கிழித்த தாள். திருப்பினார். அந்தக் கையெழுத்துக்கு முகவரி பார்க்கத் தேவையில்லை. சிறுவயதில் அந்த எழுத்தின் மேல் பென்சிலை ஓட்டித்தான் அவர் எழுதவே பழகினார்.

அவருடைய அக்காவின் எழுத்து.

'ஐயா, நாங்கள் தையற்கடை வைத்திருக்கிறோம். என் கணவருக்குச் சில மாதங்களாகக் கை நடுங்குகிறது. விரலில் பிடிப்பில்லை. எங்கள் தெருவில் இன்னும் ஒன்பது பேருக்கு இப்படி இருக்கிறது. காரணம் பலவாக இருக்கலாம், தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்று தெரிந்தால் அதற்கேற்ற வைத்தியம் பார்க்கலாம் என்கிறார் டாக்டர். தண்ணீரைச் சோதித்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டோம். முடிவைத் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.'

அடியில் ஊர் உலகத்துக்கு எழுதுவதுபோல முழுப்பெயர், முழு முகவரி. தம்பி இந்தத் துறையில் இருக்கிறான் என்று ஒரு வார்த்தை இல்லை. அந்த வீட்டுப் பெண் அப்படி எழுதவும் மாட்டாள்.

அடுத்த தாளும் அவளுடையதே. 'என் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. அது உங்களிடம் வந்து சேர்ந்ததற்கு அடையாளமாக, முத்திரையிட்ட நகல் ஒன்றாவது தாருங்கள்.' அதற்கடுத்து அலுவலகத்தின் அச்சிட்ட பதில். 'தாங்கள் கோரும் ஆவணம் ரகசிய வகையைச் சேர்ந்தது. நகல் வழங்க இயலாது.' கீழே நீலமையில் கையெழுத்து.

அவருடைய கையெழுத்து.

எண்ணை மட்டும் நிரப்பி எழுத்தர் அடுக்கி வைக்கும் தாள்களில் வரிசையாகப் போட்டுக்கொண்டே போன கையெழுத்துகளில் ஒன்று. தேதியைப் பார்த்தார். ஏழு மாதம். அக்கா அவர் வீட்டுப் படியேறி ஏழு மாதம் ஆகிறது.

இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக அவர் ஒரு கோப்பின் முதல் பக்கத்துக்குப் போய்ப் படித்தார். தண்ணீரில் ஈயம். இவ்வளவுதான் இருக்கலாம் என்று விதித்த அளவைப்போல நான்கு மடங்கு. கொதிக்க வைத்தாலும் நீங்காது. மக்களுக்கு உடனே சொல்லிவிட்டு வேறு வழியில் தண்ணீர் தரவேண்டும் என்று பொறியாளர் அடிக்கோடிட்டிருந்தார். ஓரத்தில் யாரோ பென்சிலால் 'பார்க்கலாம்' என்று எழுதி ஒரு சுழி சுழித்திருந்தார்கள். பார்த்ததற்கு அடையாளம் எதுவும் இல்லை.

வீட்டில் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தார், எழுந்தார், ஜன்னலைத் திறந்தார், மூடினார்.

"என்ன, அலமாரியக் கையோட கொண்டு வந்துட்டீங்களா?" என்றாள் மனைவி. "வாசக் கதவ இதோட ஆறு தடவ இழுத்துப் பாத்துட்டீங்க. அது கதவுங்க, கழண்டு வந்துடப்போகுது."

"அக்கா கடைசியா எப்ப வந்தா?"

மனைவியின் முகம் மாறியது. "இத்தன நாள் கழிச்சு இப்பத்தான் கேக்கத் தோணுச்சா? நான்தான் காரணம்னு உங்க மனசுல ஓடுது, எனக்குத் தெரியும். அவங்க தெச்ச சட்டைக் கை கொஞ்சம் இறுக்கமா இருக்குன்னு ஒரு வார்த்த சொன்னேன். அதுக்கு ஏழு மாசமா? அவங்க அப்படிப்பட்ட ஆளும் இல்லையே."

"நீ காரணமில்ல."

"பின்ன யாரு?"

அவர் செருப்பை மாட்டினார். வெயில் இன்னும் சாயவில்லை.

கடையில் மூன்று தையல் இயந்திரங்கள். ஒன்றில்தான் ஓட்டம். அக்கா மிதித்துக்கொண்டிருந்தாள். மாமா பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து பொத்தான்களை நிறம் பிரித்துக்கொண்டிருந்தார். ஊரில் பாதிப் பேரின் தோள் அகலத்தைக் கண்ணாலேயே அளந்து சொன்ன மனிதர். இப்போது ஒரு பொத்தானை எடுத்தால் அது கிண்ணத்தில் விழுவதற்குள் இரண்டு தடவை தரையில் விழுந்தது.

"வாங்க மாப்பிள்ள," என்றார் மாமா. "ஆபீசர் நம்ம கடைக்கு வந்திருக்காரு, நாற்காலியத் தொடச்சுப் போடு."

அக்கா மிதிப்பதை நிறுத்தவில்லை. "ரகசியமா வந்தியா, சொல்லிட்டு வந்தியா?"

"அக்கா, நான் படிக்கல. சத்தியமாப் படிக்கல. எண்ணப் பாத்துக் கையெழுத்துப் போடறதுதான். உன் கடுதாசின்னு தெரிஞ்சிருந்தா..."

"தெரிஞ்சிருந்தா?" இயந்திரம் நின்றது. "என் கடுதாசின்னு தெரிஞ்சா குடுத்திருப்பே. எதிர்வீட்டுக்காரி கடுதாசின்னா குடுத்திருக்க மாட்டே. அப்படித்தான? நான் கோவிச்சுக்கிட்டேன்னு நெனச்சியா? கோவமில்லடா தம்பி. வெளிய சொல்ல வெக்கம். தபால்காரர் குடுத்தாரு, பிரிச்சேன், கீழ உன் கையெழுத்து. 'என்னக்கா பதில் வந்துச்சா'ன்னு தெருவே கேக்குது. என் தம்பிதான் முடியாதுன்னு எழுதியிருக்கான்னு எந்த வாயால சொல்றது? வரலன்னு சொன்னேன். ஏழு மாசமா அதையேதான் சொல்லிட்டிருக்கேன். நம்ம வீட்டுல நான்தான் மொதப் பொய் சொன்னவ."

மாமாவின் கையிலிருந்து ஒரு பொத்தான் உருண்டு கண்காணிப்பாளரின் காலடியில் நின்றது. அவர் குனிந்து எடுத்தார். அப்படியே குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, உனக்கு மட்டும் சொல்றேன். அந்தத் தண்ணியில..."

"நிறுத்து." அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "எனக்கு மட்டும் வேணாம்."

"வைத்தியத்துக்குத்தான்..."

"நீ என் காதுல சொல்லிட்டுப் போயிருவே. நான் நாளைக்கு எதிர்வீட்டுக்காரி முகத்துல எப்படி முழிப்பேன்? அவ கைக்குழந்தைக்கு அதே தண்ணியக் கொதிக்க வெச்சுப் பால் கரைக்கிறா."

கண்காணிப்பாளர் சட்டம் தெரிந்தவர். ரகசியக் கோப்பிலிருந்து ஒரு சொல் கசிந்தால் என்ன தண்டனை என்று பிரிவு எண்ணோடு சொல்லக்கூடியவர். தாத்தா, அப்பா இருவரின் முகமும் கண்முன் வந்து நின்றன.

"வேணாம்னு சொல்லு," என்றார். "கொதிக்க வெச்சாலும் வேணாம். இன்னிக்கே சொல்லு."

மூன்று தலைமுறையில் அந்த வீட்டு ஆண் ஒருவரின் வாயிலிருந்து வெளியே வந்த முதல் சொல் அதுதான்.

அக்கா எழுந்து தெருவைக் கடந்து எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள்.

"கொழந்த விஷயம் முடிஞ்சுது. மீதியச் சொல்ற எடத்துல சொல்லு. எல்லார் காதுலயும் விழற மாதிரி சொல்லு. தண்டன வந்தா வரட்டும். நான் சோறு போடறேன்."

"மிச்ச ஆயுசுக்குமா?" என்றார் மாமா. "உன் தம்பி சாப்பிடற சாப்பாட்டுக்கு மூணு மிஷினும் ஓடணும்மா."

யாரும் சிரிக்கவில்லை. ஆனாலும் போகும்போது அவருக்கு மூச்சு கொஞ்சம் லேசாக வந்தது.

மறுநாள் குழு அறையில் நீள்வட்ட மேசை, பன்னிரண்டு உறுப்பினர்கள். ஒவ்வொருவர் முன்பும் ஒரு ஒலிவாங்கி. பேசும்போது அதில் சிவப்பு விளக்கு எரியும். குழுவின் தலைவி ஒருகாலத்தில் அரசு மருத்துவமனையில் பிரசவ வார்டு நர்ஸாக இருந்தவர். கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி மூன்று வரிப் பட்டியலை மூன்று தடவை படித்தார்.

"இணைப்புகள் இருநூத்திப் பதினாலுன்னு போட்டிருக்கு. என்ன இணைப்பு?"

"துறை சார்ந்த தாள்கள், அம்மா," என்றார் செயலாளர்.

"நான் உங்களக் கேக்கலையே. கோப்பக் கட்டினவர் பக்கத்துல உக்காந்திருக்காரு. அவரக் கேட்டேன்."

கண்காணிப்பாளரின் கை தானாக இடப்பக்கம் போய் இல்லாத கைப்பிடி ஒன்றைத் தேடியது. செயலாளரைப் பார்த்தார். செயலாளர் கண்ணை மூடித் திறந்தார். வேண்டாம் என்று அர்த்தம்.

"ஐயா, அவரப் பாக்காதீங்க, என்னப் பாருங்க," என்றார் தலைவி. "முப்பது வருஷம் பிரசவ வார்டுல நின்னவ நான். வரவேண்டியது வந்தே தீரும். எவ்வளவு நேரம் அடக்கி வெச்சு உள்ள இருக்கறத மூச்சுத்திணற விடறீங்கங்கறதுதான் கேள்வி."

சிவப்பு விளக்கு எரிந்தது.

"கடிதங்கள்," என்றார் கண்காணிப்பாளர்.

"யார் எழுதினது?"

"அந்தப் பக்கம் குடியிருக்கறவங்க. தண்ணி சரியில்லன்னு எழுதினது. இருநூத்திப் பதினாலும்."

அறையில் நாற்காலிகள் நகரும் சத்தம். ஒரு உறுப்பினர் முன்னால் சாய்ந்தார். "புகாரே இல்லன்னு அமைச்சர் சபையில சொன்னாரே?"

"புகார்ப் பதிவேட்டுல இல்லன்னு சொன்னாருங்க. அது உண்மை. கடிதமெல்லாம் ரகசியப் பதிவேட்டுல இருந்துச்சு. அந்த வாக்கியத்த எழுதினது நான்தான். பொய் இல்லாம எழுதிட்டோம்னு அன்னிக்குச் சந்தோஷப்பட்டேன்."

செயலாளர் இருமினார். யாரும் அவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கவில்லை.

"எழுதினவரே வந்து தன் கடிதத்தக் கேட்டா?" என்றார் தலைவி.

"ரகசியம், தரமுடியாதுன்னு பதில் போகும். முப்பத்தொரு பேருக்குப் போயிருக்கு. எல்லாத்துலயும் என் கையெழுத்து. அதுல ஒண்ணு என் கூடப்பொறந்த அக்காவுக்கு."

யாரோ ஒருவர் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"யார் போட்ட உத்தரவு இது?"

"உத்தரவே இல்லீங்கம்மா. சிவப்பு ஃபைல்ல சேர்ந்தா எல்லாமே ரகசியம்னு விதி. வந்தது, ஓட்ட போட்டேன், கயித்துல கோத்தேன். படிச்சிருந்தா கை வந்திருக்காது. படிக்காம இருக்கறதத்தான் நான் நேர்மைன்னு நெனச்சுட்டிருந்தேன்."

செயலாளர் தம் ஒலிவாங்கியை அழுத்தினார். "அம்மா, ஒண்ண மறந்துடக்கூடாது. நிலையத்தோட வரைபடம், காவல் நேரம் எல்லாம் அதே கோப்புல இருக்கு. வெளிய போனா நாட்டுக்கே ஆபத்து."

"வரைபடத்த வெளிய விடுங்கன்னு யார் கேட்டா?" என்றார் தலைவி. "காவக்காரர் எத்தன மணிக்குக் கொட்டாவி விடறார்னு ஜனங்க கேக்கல. தண்ணியில என்ன இருக்குன்னு கேக்கறாங்க. அதையும் இதையும் ஏன் ஒரே கயித்துல கட்டினீங்க? கட்டத் தெரிஞ்சவங்களுக்கு அவுக்கத் தெரியாதா?"

சோதனை அறிக்கையைக் கதவைச் சாத்திக்கொண்டு படித்தார்கள். அரை மணி நேரம் ஆயிற்று. கதவு திறந்தபோது தலைவியின் முகத்தில் சாமர்த்தியப் பேச்சின் சாயல் எதுவும் இல்லை. வரைபடங்கள் மட்டும் உள்ளே இருக்கட்டும். சோதனை முடிவு அன்று பிற்பகலே நாடாளுமன்றத்தில் வைக்கப்படும். கடிதங்கள் எழுதியவர்களின் உடைமை, கேட்டவருக்கெல்லாம் நகலும் பதிலும் போகவேண்டும். சாயங்காலத்துக்குள் அந்தப் பகுதிக்கு லாரியில் தண்ணீர். குழுவின் முடிவு இவ்வளவுதான்.

நடைபாதையில் செயலாளரின் பஞ்சு காணாமல் போயிருந்தது. "மூணு தலைமுறை மானம். பதினஞ்சு நிமிஷத்துல கப்பலேத்திட்டீங்க. உங்க அப்பா இருந்திருந்தா உங்க மூஞ்சியில முழிச்சிருக்க மாட்டாரு."

கண்காணிப்பாளருக்கு அப்போது பதில் வரவில்லை. அப்பா என்ன சொல்லியிருப்பார் என்று அவருக்கே தெரியவில்லை.

தண்டனை என்று பெரிதாக எதுவும் வரவில்லை. குழு அவரைச் சாட்சி என்று குறித்திருந்ததால் கைவைக்கத் துறைக்குத் தயக்கம். ஆவண அறையிலிருந்து எடுத்து, வாசலில் மக்கள் வந்து நிற்கும் முகப்பில் உட்காரவைத்தார்கள். அவமானப்படுத்துவதாக நினைத்துத்தான் செய்தார்கள். முதல் வாரம் முழுக்க அவர் செய்த வேலை, இருநூற்றுப் பதினான்கு கடிதங்களையும் எழுதியவர்களுக்கு அவரவர் கடிதத்தின் நகலையும் சோதனை முடிவையும் எடுத்துக் கொடுப்பது.

வரிசை தெருவரை நின்றது. ஒவ்வொரு கடிதத்தையும் படித்த பிறகே அவர் கொடுத்தார். அதனால் வரிசை ஆமை வேகத்தில் நகர்ந்தது. திட்டினார்கள். 'ஒண்ணரை வருஷம் தூங்கிட்டு இப்ப எழுத்துக்கூட்டிப் படிக்கிறாரு பாரு' என்று ஒருத்தி சத்தமாகவே சொன்னாள். கைக்குழந்தையோடு வந்தவள் ஒன்றும் பேசாமல் தாளைப் பிடுங்கிக்கொண்டு போனாள். அந்தத் திட்டுகளைவிட அவளுடைய அந்த மௌனம் அவரை அதிகம் குடைந்தது.

நான்காம் நாள் அக்கா வந்தாள். முன்னால் வா என்று கைகாட்டியும் வராமல், ஒரு மணி நேரம் வரிசையில் நின்றே வந்தாள்.

"மாமா எப்படி இருக்காரு?"

"தண்ணி மாத்தியாச்சு, மருந்து ஆரம்பிச்சாச்சு. விரல்ல கொஞ்சம் பிடிப்பு திரும்பலாமாம். முழுசா வருமான்னு டாக்டர் வாக்குக் குடுக்கல. ஒரு வருஷம் முன்னாடி தெரிஞ்சிருந்தா வேற பேச்சுங்கறாரு." அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. இருந்திருந்தால் அவருக்குத் தேவலாம்போல இருந்தது.

அவளுக்குப் பின்னால் ஊன்றுகோலோடு நின்ற ஒரு பெரியவருக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது. "ஏன்யா, ஒண்ணு கேக்கறேன். இந்தக் காகிதத்துல இருக்கறது நாலு வரி. எங்க தண்ணி, எங்க ஒடம்பு. இத எங்ககிட்டயே ரகசியம்னு எப்படிய்யா சொன்னீங்க?"

கண்காணிப்பாளர் எழுந்து நின்றார். நடைபாதையில் வராத பதில் இப்போது வந்தது. வரிசையில் கடைசியில் நின்றவருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"இது ரகசியமே இல்லீங்கய்யா. தண்ணி கெட்டுப்போச்சுன்னு சொல்ல எங்களுக்கு வெக்கமா இருந்துச்சு. அந்த வெக்கத்துக்கு ரகசியம்னு பேர் வெச்சுப் பூட்டிட்டோம். ஊர் காவலுக்காக மறைக்க வேண்டியது கொஞ்சம் இருக்கும், இல்லேங்கல. ஆனா ஜனங்க கேக்கற கேள்விக்குப் பயந்து மறைக்கிற எந்த அரசாங்கமும் மானத்தக் காப்பாத்திக்க முடியாது. வீட்டுக்கும் அதுதான், நாட்டுக்கும் அதுதான். கேட்டவங்களுக்கு நேரா நின்னு பதில் சொல்றதுதான் மானம். அது எனக்கு லேட்டாத்தான் தெரிஞ்சுது. அதுக்குள்ள உங்கள்ல சில பேருக்குக் கை போயிடுச்சு."

பெரியவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். மன்னித்ததாகத் தெரியவில்லை. கையை மட்டும் நீட்டினார்.

அக்கா தன் தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள். "இப்பத்தாண்டா நம்ம வீட்டு ஆள் மாதிரி பேசியிருக்கே," என்றாள். "பெரியவர் நிக்கிறாரு பாரு, சீக்கிரம் எடுத்துக் குடு."